பதினொரு காலி பாட்டில்களும் பாதி விலை ஒயினும்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஆகஸ்ட் மாதம் அம்மா இறந்துபோனார்.
2. டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தெருவிலிருந்து பதினொரு காலி பாட்டில்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.
3. சேலத்தில் ஒரு கடைக்குப் பாதி விலையில் ஒயின் வரப்போகிறது என்று சித்தப்பா சொன்னார்.
4. நான் நம்பினேன்.
5. ஒயின் வந்தது.
6. கிறிஸ்துமஸ் அன்று காலை அப்பா ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கொடுத்ததைத் திரும்பக் கேட்டார்.

நான்காவதுதான் தப்பு என்று அப்பா இன்றும் சொல்கிறார். எனக்கென்னவோ, தப்பு இரண்டாவதிலேயே தொடங்கிவிட்டது.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் ஆய்வகத்தில் தரம் பார்க்கும் வேலை. ஈரம், சாம்பல், அமிலம், நிறம் என்று எதற்கும் என்னிடம் கட்டம் போட்ட தாள் ஒன்று இருக்கும். அம்மா இறந்த அன்றுகூட யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று தாள் போட்டு வைத்திருந்தேன். (அழுவதற்கு அதில் கட்டம் போடவில்லை. அதனால் அது விட்டுப்போயிற்று.)

அம்மா ஒவ்வொரு வருடமும் நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் திராட்சை வாங்கி, ஜாடியில் ஒயின் போடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதை வடித்து, கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றி, தெருவில் பதினொரு வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார். அதில் ஏழு வீடுகள் எங்கள் மாதா கோவிலுக்கு வருபவை, நான்கு வீடுகள் வராதவை. ஒயின் விஷயத்தில் அந்த வித்தியாசம் கிடையாது. ஒவ்வொரு பாட்டிலிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அம்மா தன் கையால் பெயர் எழுதியிருப்பார். முழுப் பெயர் இல்லை, அவர் கூப்பிடும் பெயர். எதிர்வீட்டு பிலோமினா அக்காவுக்கு ‘பிலோ’. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன் வீட்டுக்கு ‘ரிக்’. ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு ‘டீச்சர், கம்மியா’. அடுத்த டிசம்பரில் அந்தந்த வீட்டார் பாட்டிலைக் கழுவித் திருப்பி அனுப்புவார்கள். அம்மா மறுபடி நிரப்புவார்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் கல்லறைக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் யாரும் ஜாடியைத் தொடவில்லை. நட்சத்திரம் கட்டவில்லை, கேக் சொல்லவில்லை. துக்க வருடம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் டிசம்பரில் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. காலையில் பார்த்தால் கேட்டில் ஒரு பை தொங்கும். உள்ளே கழுவிக் காயவைத்த பாட்டில், அம்மாவின் கையெழுத்தோடு. ஐந்தே நாளில் பதினொன்றும் வந்துவிட்டன. நான் அவற்றைச் சமையல் மேடையில் வரிசையாக வைத்தேன்.

அப்பா லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் எந்த லாரி எந்தச் செக்போஸ்ட்டில் நிற்கிறது என்று போனிலேயே சொல்வார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் வீட்டைத் தாண்டுவது ஞாயிறு பூசைக்கு மட்டும்தான். பேச்சும் குறைந்துவிட்டது. அன்று அவர் மேடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“என்னம்மா இது?”

“எல்லாரும் அனுப்பியிருக்காங்கப்பா.”

“வந்த பாத்திரத்தக் காலியாத் திருப்புற ஊடு இல்ல சாமி இது” என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. நான் அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். தாள் போட்டேன். பதினொரு கால் லிட்டர், இரண்டே முக்கால் லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் நான்கு வாங்கினால் மூன்று லிட்டர். மிச்சம் கால் லிட்டர் எங்கள் வீட்டுக்கு. இனிமேல் திராட்சை போட்டால் புளிக்க நாள் போதாது. ஆகவே கடையில்தான் வாங்க வேண்டும்.

அப்போதுதான் அந்தோணி சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. உலகத்தில் எது எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அது கிடைத்ததாக மட்டும் வரலாறு இல்லை.

“முழு வெல குடுத்து வாங்கிறாத கண்ணு. பெங்களூர்ல ஒரு குடோனக் காலி பண்றானாம். நம்ம பைபாஸ் கடைக்காரனுக்கு ஒரு லோடு வருது. ரெட் ஒயின், பாதி வெல.”

“மதுவுக்கு யாராவது தள்ளுபடி குடுப்பாங்களா சித்தப்பா?”

“குடுக்க மாட்டான். இந்த ஒருக்காத்தான் குடுக்கறான். அதனாலதான் சொல்றேன்.”

சந்தேகப்பட வேண்டிய இடம் இது. ஆனால் நான் வேறொன்றைத்தான் யோசித்தேன். பாதி விலைக்கு வரும் என்று தெரிந்த ஒரு பொருளை முழு விலைக்கு வாங்குவது படித்தவள் செய்கிற காரியமா?

கடை பைபாஸ் பக்கம், ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. பெண்களும் போய் வரலாம் என்று சொல்லப்படும் கடை. (நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன். கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தேன். கொள்ளையடிக்க வந்தவள் என்று நினைத்து வாசலில் இருந்த காவலர் எழுந்து நின்றுவிட்டார்.)

அலமாரியில் முழு விலை ஒயின் நான்கு பாட்டில் இருந்தது. சரியாக நான்கு. எனக்கு அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை.

“அந்தப் பாதி விலை ஒயின்?”

“வந்துட்டே இருக்குதுங்க மேடம். லாரி ஓசூர் தாண்டிருச்சு” என்றார் கல்லாவில் இருந்தவர்.

இரண்டு நாள் கழித்துப் போனேன்.

“கிருஷ்ணகிரிங்க மேடம்.”

அதற்கடுத்த முறை முகத்தைப் பார்த்ததுமே, அதாவது ஹெல்மெட்டைப் பார்த்ததுமே, அவராகவே சொன்னார்: “தொப்பூர்ல நிக்குதுங்க. கணவாயில டிராபிக்.”

மூன்று நாள் கழித்தும் லாரி தொப்பூரில்தான் நின்றது. அலமாரியில் இருந்த நான்கு பாட்டிலையும் அதற்குள் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

“தொப்பூர்ல எந்த லாரியும் மூணு நாள் நிக்காதும்மா. அது இன்னும் கெளம்பவே இல்லைன்னு அர்த்தம்.”

இருந்தாலும் நான் காத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த மாதம் முழுவதும் அந்த லாரி ஒன்றுதான் எனக்கு வரவேண்டியதாக இருந்தது. வேலை முடிந்ததும் கடைக்குப் போவது, இல்லை என்று கேட்டுக்கொள்வது, பனியில் ஸ்கூட்டரில் திரும்பி வருவது. பனியில் அலைந்ததில் மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டது. சமையலறையில் பால் பொங்கித் தீய்ந்துபோனாலும் எனக்குத் தெரியாது.

இருபத்து மூன்றாம் தேதி ஒயின் வந்தது. பாதி விலைதான். சித்தப்பா சொன்னது வாழ்க்கையில் முதல்முறையாகப் பலித்தது. அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை சமையலறையை ஆய்வகமாக்கினேன். கார்க்கைத் திருகினால் அது பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்துவிட்டு, ‘துகள்: நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். நிறம் செங்கல் நிறம். ‘பழமையின் அறிகுறி.’ ஆலையிலிருந்து கொண்டுவந்த, அமிலம் காட்டும் தாளை நனைத்துப் பார்த்தேன். ‘அமிலம்: சற்று அதிகம். ஏற்கலாம்.’ மணத்துக்கு மூக்கு இல்லாததால் சித்தப்பாவின் மூக்கைக் கடன் வாங்கினேன். அவர் முகர்ந்துவிட்டுச் சற்றுப் பின்வாங்கினார்.

“சுர்ருனு ஏறுது கண்ணு. பழைய ஒயின்னா அப்படித்தான்.”

சுவை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கிறிஸ்துமஸ் பூசை முடியாமல் ஒரு சொட்டுகூட வாயில் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மா போட்ட எத்தனையோ சட்டங்களை அவர் இருந்தபோது மீறியிருக்கிறேன். இதைப் போய்க் கடைப்பிடித்தேன்.

பதினொரு பாட்டிலையும் நிரப்பினேன். பிளாஸ்திரிகளைத் தொடவில்லை. அம்மாவின் கையெழுத்து அப்படியே இருந்தது. அன்று மதியம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விழித்தார்கள். பிலோமினா அக்கா பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். மிச்சக் கால் லிட்டரை மூன்று டம்ளரில் ஊற்றினேன். சித்தப்பா முதலில் குடித்தார். அவருடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“எப்படி இருக்கு சித்தப்பா?”

“மொதல்ல தெரியாது. போகப் போகத் தெரியும்” என்றவர் வாசல் பக்கம் வேகமாகப் போனார்.

நான் ஒரு வாய் வைத்தேன். மூக்கடைப்பு அந்த நொடியே திறந்துகொண்டது. காடி, அதாவது வினிகர். ஊறுகாய் போடலாம், தரை துடைக்கலாம். உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கியவள் பதினொரு குடும்பங்களுக்குக் காடியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“எத்தன ஊட்டுக்குக் குடுத்த?”

“எல்லாருக்கும்.”

“பிளாஸ்திரிய எடுத்துட்டுத்தானே குடுத்த?”

நான் என் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

“அவ பேர்ல இதையா குடுத்த?”

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் எழுந்து, கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையை மறுபடி போட்டார். ஆணியில் தொங்கிய கட்டைப்பையை எடுத்தார். “வா” என்றார்.

எங்கள் துறையில் சந்தைக்குப் போன சரக்கைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு நடைமுறை உண்டு. தொகுதி எண், கடிதம், கையொப்பம் எல்லாம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று காலை எட்டு மணிக்கு அப்பாவின் பின்னால் பை பிடித்துக்கொண்டு போவது அதில் இல்லை.

முதல் வீடு பிலோமினா அக்கா.

“இது ஸ்டெல்லா போட்டது இல்லீங்க” என்றார் அப்பா, வாசலில் நின்றபடியே. ஆகஸ்டிலிருந்து அவர் வாயில் அம்மாவின் பெயர் வரவில்லை. “கடையில வாங்குனது. கெட்டுப்போனது. திருப்பிக் குடுத்துருங்க.”

“ஐயோ, அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்கண்ணா.”

“பொய் சொல்லாதீங்க. நீங்க சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணி ரெண்டு நாள்தான் ஆச்சு.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “வாயில வெக்க முடியலீங்கண்ணா” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கு யாரு சாமி சொன்னது நாங்க ஒயின் கேட்டம்னு?”

“பாட்டில் அனுப்பினீங்களேக்கா?”

“அது ஸ்டெல்லாக்கா பொருளு. அவங்க இல்லாம எங்க ஊட்டு அலமாரியில இருக்கறதப் பார்த்தா என்னமோ பண்ணுச்சு. சேர வேண்டிய எடத்துல சேக்கலாம்னு பேசிக்கிட்டு எல்லாருமாக் குடுத்தனுப்புனோம். துக்க ஊட்ல இருந்து யாராச்சும் பண்டிகைக்குப் பலகாரம் எதிர்பார்ப்பாங்களா? நாங்கல்ல உங்களுக்குக் கொண்டாந்து தரணும்!”

பதினொரு வீடும் பாட்டிலைத் திருப்பித்தான் கொடுத்திருக்கிறது. நான் அதைக் கொள்முதல் ஆணையாகப் படித்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு தாளை இவ்வளவு தப்பாகப் படித்ததில்லை. இதில் தாளே கிடையாது என்பது வேறு விஷயம்.

அடுத்த வீடு பழனிச்சாமி அண்ணன். அவருக்கு எங்களைப் பார்த்ததும் சங்கடம்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க மாமனாரு தைலம்னு நெனச்சு முழங்கால்ல தேச்சுக்கிட்டாருங்க.”

“எல்லாத்தையுமா?” என்றார் அப்பா.

“ஆமாங்க. வலி கொறஞ்சிருக்குதாம். இன்னும் இருக்குதான்னு கேக்கச் சொன்னாருங்க.”

டீச்சர் தன் பாட்டிலை அப்படியே, மூடி திறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். “உங்கம்மா எழுத்தப் பார்த்தேன். தொறக்க மனசு வரல” என்றார்.

ஒவ்வொரு வாசலிலும் அப்பா அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். இது ஸ்டெல்லா போட்டது இல்லீங்க. அவர்கள் விடவில்லை, உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் பன்றிக்கறி, ஒரு வீட்டில் வெறும் டீ. ஸ்டெல்லா போட்டது எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒரு வருடம் ஜாடி வெடித்தது, ஒரு வருடம் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தது. அதில் பாதி எனக்குத் தெரியாது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து பாட்டில்களை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்ததென்றால், ஆகஸ்டில் விட்டுப்போனது ஏழாவது வீட்டில் வந்துவிட்டது. மூக்கடைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அப்பா போய்ப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் கலகலப்பாகிவிட்டார் என்றெல்லாம் எழுத ஆசைதான். ஆகவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது காத்திருந்தால், அது கேஸ் சிலிண்டரானாலும் எனக்கு வரும் வரனானாலும், அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்பார்: “லாரி எங்கம்மா நிக்குது?” நாங்கள் “தொப்பூர்” என்று சொல்ல வேண்டும். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் இரண்டு மணி நேரம் தாமதம். சித்தப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் அப்படியே கேட்டுவிட்டார். அவர்கள் உண்மையிலேயே தொப்பூரில்தான் நின்றிருந்தார்கள்.

இப்போதைய நிலவரம்: பத்து பாட்டில்கள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. ‘பிலோ’ மட்டும் இல்லை. கழுவித் தருகிறேன் என்று அன்று எடுத்து வைத்துக்கொண்ட அக்கா இதுவரை தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த வருடமும் கல்லறைத் திருநாள் முடிந்துவிட்டது. திராட்சை வாங்கவில்லை. ஜாடி காலியாக இருக்கிறது.