கூம்புக்கு நின்ற கார்

மனித குலம் இதுவரை படைத்தவற்றில் தலைசிறந்தது ஓட்டுநர் இல்லாத மின்சாரக் கார்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. புகை விடாது, சத்தம் போடாது, கெட்ட வார்த்தை பேசாது. அடியில் யானைக்குட்டி கனத்துக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. அதைக் குறை என்று நான் சொல்லக்கூடாது. அந்தக் கனத்தில்தான் ரோடு அமுங்கிக் குழி விழுகிறது. குழி விழுந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். நான் தார் போடும் செட்டுக்கு மேஸ்திரி. என் தங்கை குழிக்குள் ஜல்லியும் தாரும் கொட்டி, குத்தவைத்து உட்கார்ந்து தட்டிச் சமப்படுத்துபவள்.

போன மாதம் ஒரு கார் அவள் தோளை உரசிக்கொண்டு போனது. வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை.

உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது. செருப்பில் தார் ஒட்டியிருந்ததால் நாங்கள் இருவரும் அறை வாசலில் நின்றபடி பங்கேற்கும் கௌரவம் பெற்றோம்.

கார் கம்பெனி நிபுணர் விளக்கினார்: "லட்சக்கணக்கான படம் காட்டி வண்டியைப் பழக்கியிருக்கோம். நிக்கிற மனுஷனைத் தெரியும், நடக்கிற மனுஷனைத் தெரியும், நாய்க்குட்டியைக்கூடத் தெரியும். ரோட்டுல குத்தவச்ச மனுஷன் படம்தான் எங்ககிட்ட இல்ல. இவங்களை மூட்டைன்னு நினைச்சிருக்கும்."

"மூட்டைன்னா மேல ஏத்திடுவீங்களா?" என்றாள் தங்கை.

"மூட்டைக்கெல்லாம் பிரேக் போட்டா, இந்தக் கனத்துக்கு டயர் தாங்காதும்மா."

சாலைப் பொறியாளர் குறுக்கிட்டார். "வண்டிக்குக் கத்துக்கொடுக்க எவ்வளவு நாளாகும்?"

"அடுத்த வருஷம் ஆயிடும்."

"ஆளுங்களுக்கு?"

"இன்னைக்கே முடிச்சிடலாம்."

ஆகவே, தொழிலாளர்கள் இனி நின்றபடிதான் குழி அடைக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது.

"ஐயா, குழி கீழ இருக்குதுங்க," என்றேன்.

"பரிசீலிக்கிறோம்."

பரிசீலித்தார்கள். கார் எதைத் தவறவிட்டாலும், ரோட்டை மறிக்க வைக்கிற ஆரஞ்சுக் கூம்பைத் தவறவிடாது என்று தெரியவந்தது. தங்கையின் தலையில் ஒரு கூம்பைக் கவிழ்த்துத் தாடையில் நாடா கட்டினார்கள்.

"எப்படிண்ணே இருக்கேன்?"

"மகாராணி மாதிரி இருக்க."

"சிரிக்காம சொல்லு, பாவி."

கார் வந்தது. பத்தடி தள்ளிப் பவ்வியமாக நின்றது. பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் அப்படி நின்றதில்லை. அதிகாரிகள் கைதட்டினார்கள். பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. கூம்பு இருந்தால் ரோடு மூடியிருக்கிறது என்பது அவை கற்ற பாடம். சுற்றிப் போகத் தோன்றவில்லை. காலையில் போட்ட இளந்தாரில் ஒவ்வொரு காரும் தனக்கென்று நாலு குழி போட்டுக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தது. உள்ளே இருந்தவர்கள்தான் காத்திருக்கவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டார்கள்.

மாலையே 'திருத்திய பாதுகாப்பு உத்தரவு' வந்தது. வேலை நேரத்தில் கூம்பு கட்டாயம். வாகனம் வரும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்.

"அப்ப எதுக்குண்ணே இந்தக் கருமம்?"

"பாதுகாப்புக்காம்."

"யாருக்கு?"

"கழட்டலைன்னா வேலைக்கே வரவேணாமாம்."

மறுநாள் அவள் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாள். கார் வருவதைப் பார்த்ததும் நாடாவை அவிழ்த்தாள், கூம்பைக் கழற்றினாள். எழுந்திருப்பதற்குத்தான் நேரம் இல்லாமல் போயிற்று. பழைய பெட்ரோல் காராக இருந்தால் எலும்பை ஒட்டவைத்திருக்கலாம், இந்தக் கனத்தில் ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்றார் டாக்டர். வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

கம்பெனியின் மனிதாபிமானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நிபுணரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். தலைமாட்டில் ஆப்பிள் வைத்தார். மோதும்போது கார் தன் கேமராவில் அவளை எடுத்த படங்கள் மிகத் தெளிவாக விழுந்திருப்பதாகவும், இனி ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவர்களை எல்லாக் கார்களும் அடையாளம் கண்டு சுற்றிப் போகும் என்றும் ஆறுதல் சொன்னார்.

"குத்தவச்சிருக்கிறவங்களை?" என்றாள் தங்கை.

"அதுக்கு ஒரு படம் பத்தாதும்மா. நிறைய வேணும்," என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்க செட்டுல இன்னும் எத்தனை பேர் இருக்கீங்க?"