பள்ளிக்கூடத்தைத் தட்டிப் பார்த்த கதை

ஒரே வேலையை ரொம்ப வருஷம் பார்த்தால், அந்த வேலை நம்மோடு வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் தெரு பஸ் கண்டக்டர் கல்யாணப் பந்தியிலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். எனக்குத் தெரிந்த டெய்லர் ஒருவர் நம் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார், தோள்பட்டையைப் பார்த்துத்தான் பேசுவார். நான் தரம் பார்க்கிறவன். எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பேன். தேங்காய், தர்பூசணி, கட்டில், கதவு, ஒருமுறை என் மச்சானின் வழுக்கை. (நல்ல நாதம் வந்தது. அதன் பிறகு அவர் என் பக்கத்தில் உட்காருவதில்லை.)

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். எங்கள் பிரிவை மூடியதும், விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை கிடைத்தது. வீட்டுக் கரண்ட் பெட்டிக்குள் வெள்ளையாக இருக்குமே பீஸ் கட்டை, அதைச் செய்யும் இடம். சூளையிலிருந்து சரக்கு வந்ததும் கைக்கு அகப்பட்ட சிலதை எடுத்து நகத்தால் தட்ட வேண்டும். 'ணங்' என்றால் நல்ல பீஸ், பச்சை ஸ்டிக்கர். 'டொக்' என்றால் உள்ளே விரிசல், சிவப்பு ஸ்டிக்கர். இரண்டு ஸ்டிக்கர் தாளும் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

நான் மட்டும் முன்னால் வந்து ரூம் எடுத்துத் தங்கினேன். மகள் இனியா அங்கே ஐந்தாவது முடிக்க வேண்டியிருந்தது. ஆறாவதுக்கு இங்கே நல்ல பள்ளிக்கூடம் பார்ப்பது என் பொறுப்பு. என் மனைவி சுமதி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, நல்ல ஸ்கூலாப் பாத்து வெச்சாத்தான் இங்கிருந்து சாமானம் லாரில ஏறும். இல்லீன்னா நீங்க அங்க, நாங்க இங்க. போன்லயே குடும்பம் நடத்திக்கலாம்."

"என்ன சுமதி, எனக்கா தரம் பாக்கத் தெரியாது?"

"அதுதானுங்க பயமா இருக்குது."

இனியா போனை வாங்கினாள். "அப்பா, அங்க என்கூட யாராச்சும் பேசுவாங்களா?"

"அங்க ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் இருக்குது கண்ணு, ஏசி வேன் வேற" என்றேன். (அவள் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.)

முதலில், வாசலில் நீரூற்று வைத்த ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். பெரிய பள்ளி. ரிசப்ஷனில் ஆளுயரத்துக்குப் பீங்கான் மயில் ஒன்று நின்றது. கரஸ்பாண்டன்ட் வரும்வரை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. கை சும்மா இருக்குமா? மயிலின் கழுத்தில் லேசாகத் தட்டினேன். 'டொக்.' அடடா, எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறதே என்று கழுத்தைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தேன்.

கரஸ்பாண்டன்ட் உள்ளே வந்தபோது மயிலின் உடம்பு தரையில் நின்றது. தலை என் கையில் இருந்தது.

"இது சூளையிலயே விட்ருக்குதுங்க சார்" என்றேன். "எங்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே செவப்பு ஒட்டியிருப்பேன்."

"என்ன விஷயமா வந்தீங்க?"

"அட்மிஷன்..."

"முடிஞ்சிடுச்சு."

"வெளியில அட்மிஷன் நடைபெறுகிறதுன்னு போர்டு இருக்குதுங்களே?"

"அதையும் இப்ப எடுத்துடுவோம்."

ரூமுக்குத் திரும்பும் வழியில் எனக்கு ஞானம் பிறந்தது. (எனக்கு ஞானம் பிறக்கும் போதெல்லாம் அக்கம்பக்கத்தார் கொஞ்சம் தள்ளி இருப்பது நல்லது.) நீரூற்று, மயில், ஏசி வேன் எல்லாம் அட்டைப் பெட்டி. பெட்டியைத் தட்டி என்ன தெரியப்போகிறது? உள்ளே இருக்கும் சரக்கை அல்லவா தட்ட வேண்டும்! ஒரு பள்ளிக்கூடத்தின் சரக்கு எது? அங்கே படிக்கும் பிள்ளைகள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்பது. வருகிற பிள்ளைகளில் கைக்கு அகப்பட்டவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது. பதில் எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பது. தீர்ந்தது விஷயம்.

இந்த முறையை முதலில் அரசு பெண்கள் பள்ளியில் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். என் மகளை அங்கே சேர்க்கும் எண்ணம் துளியும் கிடையாது. புதுக் கருவியை முதலில் கழிவுச் சரக்கில் வைத்துப் பழகுவோமே, அந்தப் புத்தி. இதை இப்போது எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

பள்ளிக்கு எதிரே கலியமூர்த்தி என்பவரின் டீக்கடை. சில நாள் அங்கே நின்று கூட்டத்தை மட்டும் கவனித்தேன்.

"என்னா சார், தெனம் இந்த நேரத்துக்குத்தான் வரீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, ஸ்கூல் பாத்துட்டிருக்கறேன்."

"சேர்ற வயசு தாண்டிப்போச்சே சார்."

அவர் என்னை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பவம் நடந்த சாயங்காலம் வெயில் மண்டையைப் பிளந்தது. அதனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பள்ளி வாசலுக்குப் போய் நின்றேன். ஸ்கூட்டர் பக்கத்தில், சாவி ஸ்கூட்டரில். மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள். கம்மாபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண்ணை நிறுத்தினேன்.

"பாப்பா, பதிமூணேழு எவ்வளவு?"

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றது குழந்தை, மூச்சு வாங்கிக்கொண்டே.

'ணங்!' என்றது என் மனசு. அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாகக் கைதான் செய்தது. சட்டைப் பையிலிருந்து பச்சை ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து, அந்தக் குழந்தையின் புத்தகப் பையில் ஒட்டிவிட்டது.

"சார்."

பின்னாலிருந்து குரல். திரும்பினேன். இரட்டைச் சடையோடு உயரமாக ஒரு பெண்.

"அந்தப் புள்ள பையில என்னா ஒட்னீங்க?"

"சும்மா ஸ்டிக்கரும்மா. கரெக்டா பதில் சொல்லுச்சு, அதான்."

"அவகிட்ட கேள்வி கேக்க நீங்க யாரு? மொதல்ல ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் பேசுங்க."

நான் ஹெல்மெட் கொக்கியோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நீண்டு, என் ஸ்கூட்டர் சாவியை உருவியது. உருவிய கையோடு உத்தரவுகள் பறந்தன.

"ஏய், நீ ஓடிப்போயி பி.டி. மிஸ்ஸக் கூட்டியா. நீ வண்டி நம்பரப் பாத்து வச்சிக்க. நீ அந்தப் பாப்பாவப் புடிச்சிக்க, பஸ்ஸு போனா போவட்டும்."

எங்கள் யூனிட்டில் சூளை தீப்பிடித்தால்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை நடக்காது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என்னைச் சுற்றிக் கூட்டம்.

"இப்பிடித்தான் மார்க்கு போட்டுட்டுப் போவானுங்களாம்" என்றார் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர். "பின்னாடியே வேன் வருமாம். வாட்ஸப்புல வந்துது."

"ஒரு வாரமாவே நம்ம கடையிலதான் நிக்கிறாரு" என்றார் கலியமூர்த்தி. "நான் அன்னிக்கே நெனச்சேன், தெனம் பாதி டீய மீதி வக்கிறாரேன்னு." (டீ நன்றாக இல்லை என்பதைச் சொல்ல அது சரியான நேரம் இல்லை.)

"பாத்தா குடும்பஸ்தன் மாரி இருக்குறான் பாரு" என்றது ஒரு பூக்காரம்மா.

லுங்கிக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அப்போது அந்த இரட்டைச் சடை குறுக்கே வந்து நின்றது.

"யாரும் மேல கை வக்காதீங்கண்ணா. மிஸ் வந்துடுவாங்க. அதுவரைக்கும் இவரு இங்கயே நிக்கட்டும்." பிறகு என்னிடம், "ஐடி கார்டு இருக்குதா?"

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, கார்டு இன்னும் தரவில்லை. பேன்ட் பையைத் துழாவினேன். கையில் வந்ததை நீட்டினேன். ஒரு பீஸ் கட்டை.

"இதென்னா?"

"நான் இதத்தான்மா தெனமும் தட்டிப் பாப்பேன்" என்று சொல்லி, அவள் நம்புவதற்காக ஒருமுறை தட்டியும் காட்டினேன். 'ணங்.'

பூக்காரம்மாவின் குரல் அப்படியே மாறிவிட்டது. "ஐயோ பாவம். வூட்ல தேடிக்கிட்டிருப்பாங்க. யாரு பெத்த புள்ளையோ."

பி.டி. மிஸ் வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். தலைமையாசிரியை அறையில் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். இரட்டைச் சடையும் உள்ளே வந்து கதவோரம் நின்றது.

"கயல்விழி, சாவி?"

"எங்கிட்டதான் இருக்குது மிஸ்."

தலைமையாசிரியை நிதானமானவர். நான் உளறியதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "பொண்ணுக்கு ஸ்கூல் பாக்க வந்தீங்க. சரி. கேட்டைத் தொறந்து உள்ள வந்து என்னையக் கேட்டிருக்கலாமே?"

அந்த வழி ஒன்று இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

"வீட்டம்மா நம்பரச் சொல்லுங்க. உங்க போன் வேணாம், என் போன்லயே பேசுறேன்." ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆமாங்க மேடம், அவரு என்ற ஊட்டுக்காரருதானுங்க" என்றாள் சுமதி. "என்ன பண்ணிப்போட்டாருங்க?"

தலைமையாசிரியை ஒன்று விடாமல் சொன்னார். இதோ லாரியும் வராது, குடும்பமும் வராது, இனி ஆயுசுக்கும் போன்தான் என்று நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"மேடம், ஸ்டிக்கர் என்ன கலருங்க?"

"பச்சை."

"அப்ப பாஸ் போட்டிருக்கறாருங்க. செவப்புன்னாத்தான் ரிஜெக்ட்."

தலைமையாசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டார். சுமதி விடவில்லை. "மேடம், சாவிய எடுத்துச்சே ஒரு புள்ள, அது என்ன படிக்குதுங்க?"

"எட்டாவது."

"இதெல்லாம் அதுக்கு ஆருங்க சொல்லிக்குடுத்தது?"

"நாங்கதாம்மா. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. தெரியாத ஆளு வந்து பேசுனா என்ன பண்ணணும், யாரக் கூப்புடணும், கூட்டம் சேந்தா எப்படிப் பேசணும்னு. இதுவரைக்கும் பாடம்தான் நடத்துனோம்." என்னை ஒரு பார்வை பார்த்தார். "பரீட்சை இன்னைக்குத்தான் வந்துச்சு."

பிறகு சுமதியின் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "ஆறாவதுக்கு எடம் இருக்குதுங்களா மேடம்? என்ற பொண்ணு கொஞ்சம் கூச்சக்காரிங்க. அங்க விட்டா தைரியமா வருவா."

"இடத்துக்கு என்னம்மா, தாராளமா இருக்குது. ஒரே ஒரு கண்டிஷன். அப்பா கேட்டுக்கு எதிர்ப்பக்கமே நிக்கணும்."

கயல்விழி சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க சார்" என்றாள்.

ஜூன் மாசம் சாமான் லாரி வேப்பூர் வழியாக வந்து சேர்ந்தது. முதல் நாள் இனியா பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது புத்தகப் பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள். நான் கண்டிஷன்படி டீக்கடையில் நின்று பார்த்தேன். (டீயை முழுசாகக் குடித்தேன். கலியமூர்த்தி கண்காணித்துக்கொண்டே இருந்தார்.) கேட்டுக்குள் இருந்து அதே இரட்டைச் சடை, கயல்விழி, ஓடி வந்தது.

"ஏய், நீதான் பச்ச ஸ்டிக்கரு பொண்ணா? வா வா, ஒங்கப்பா கதைய எல்லாரும் கேக்கணும்ங்கிறாங்க!"

சாயங்காலம் இனியா வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு பேச்சு. அவள் போனில் கேட்ட கேள்விக்கு என்னிடமிருந்து சரியான பதில் போனது அன்றைக்குத்தான், அதுவும் எனக்குத் தெரியாமலே.

இப்போது அவளே எட்டாவது. ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆறாவது சேரும் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு ஒத்திகை உண்டு. வாசலில் சந்தேகமான ஆள் ஒருவன் வந்து நிற்பது போல யாராவது நடிக்க வேண்டும். "ஒரிஜினல் ஆளே ஊர்ல இருக்கும்போது டூப்பு எதுக்கு?" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வருஷத்தில் நான் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போவது அந்த ஒரு நாள்தான். யூனிட்டில் பர்மிஷன் கேட்டால் முதலாளி காரணம்கூடக் கேட்பதில்லை. "திருடன் வேஷமா? போயிட்டு வாங்க" என்கிறார்.

இந்த வருஷமும் போனேன். ஹெல்மெட்டோடு நின்றேன். குட்டிப் பிள்ளைகள் அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள். என் சாவியை உருவியது என் மகள். "ஐடி கார்டு இருக்குதா?" என்று முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல் கேட்டாள். நான் வழக்கம்போல் பீஸ் கட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கி என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு என் சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டு, ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து, என் நெஞ்சில் ஒட்டினாள்.

வகுப்பே கைதட்டியது. அதே ஸ்டிக்கரோடு வீட்டுக்குப் போனேன். சுமதி கதவைத் திறந்தாள், என் சட்டையைப் பார்த்தாள்.

"செவப்பா? அது எனக்குக் கலியாணத்தன்னிக்கே தெரியுமுங்க. வாங்க, தட்டு வெச்சிருக்கறேன்."