மாமாவின் அடக்கத்தில் இரண்டு ஹாங்க்

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் நலமாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்பும் தம்பி டுவேன், மினசோட்டாவிலிருந்து எழுதுவது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஆர்விட் மாமாவைப் புதைத்த கையோடு, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நான் ஹாரன் அடித்துவிட்டேன்.

கார் ஹாரனோ வாத்தோ மூக்கோ, எது கத்தினாலும் இங்கிலீஷில் ஹாங்க்தான்; அந்த ஒற்றைச் சத்தத்தை வைத்து நம்மூர்க்காரர்கள் குடும்பமே நடத்துகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததா? பச்சை விளக்கு விழுந்தும் முன்னால் இருப்பவர் தூங்கினால் குட்டியாக ஒன்று, அதற்கு மன்னிப்பாகக் கையசைப்பு வேறு. எதிரே தெரிந்தவர் வந்தால் ஒன்று. தலைக்கு மேல் வாத்துக்கூட்டம் போனால் அதுவும் ஹாங்க். லைல் சித்தப்பா மூக்கைச் சிந்தினால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய ஹாங்க். விருந்து முடிந்து, வாசலில் நின்று ஒரு மணி நேரம் விடைபெற்று, கார் தெருவில் ஏறும்போது இரண்டு தட்டுத் தட்டாவிட்டால் போய்வருகிறேன் என்று சொன்னதாகவே ஆகாது. அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான். வாசலைத் தாண்டும்போது கை தானாக அழுத்தியது, பாம் பாம்! பின்னால் வந்தவர்கள், இது ஏதோ குடும்பத்து ஏற்பாடு போலிருக்கிறது என்று ஆளுக்கு இரண்டு அடிக்க, போதகரும் அடிக்க, கல்யாண ஊர்வலம் கெட்டது போ.

பிறகு சர்ச்சில் ஹாம் சாண்ட்விச் சாப்பிடும்போது, மாமாவைப் பறிகொடுத்த மார்லிஸ் அத்தை தட்டைக் கீழே வைத்தார். "எவன்டா அத ஆரம்பிச்சு வச்சது?"

லைல் சித்தப்பா என் காதில், "வாத்துன்னு சொல்லிர்றா. இல்லன்னா என் மூக்கு மேல பழியப் போடு, பரவால்ல" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ ஒரு நேர்மை வந்து தொலைத்தது. "நான்தான் அத்தை."

"நீயா?" அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப இந்த நன்றித் திருநாளுக்கு ஒன் வான்கோழிய நீயே வாட்டிக்க. எங்க வீட்டுப் பக்கம் வராத."

அக்கா, எனக்கு முட்டைகூட ஒழுங்காக வேகாது! விவரம் தெரிந்த நாளாக அந்த மேசையில்தானே எனக்குத் திருநாள்? நீயே போன் போட்டுச் சொல்லேன்: டுவேன் நல்லவன்தான், அவன் கைதான் அப்படி என்று.

அத்தானுக்கும் உன் கள்ளிச்செடிகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் ஏ.சி.யைக் காப்பாராக.

உன் தம்பி,
டுவேன்

பி.கு.: பனிக்கால டயர் மாட்டக் காரை விட்டிருந்தேன். மெக்கானிக் இப்போதுதான் கூப்பிட்டான்: "அண்ணே, எலி வயரக் கடிச்சிருக்கு. ஒங்க ஹாரன் கோடையிலேர்ந்தே ஊமை." அப்படியானால் நான் அழுத்தியபோது கேட்ட அந்தப் பாம் பாம் யாருடையது? அன்று எனக்கு முன்னால் வாசலைத் தாண்டியது ஒரே ஒரு கார். அதை மார்லிஸ் அத்தையேதான் ஓட்டினார்.