துருக்கியில் நான் வெளுத்த சட்டை

செல்லக்கனி அக்கா, நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "ஊருக்கெல்லாம் எதுக்குடி தம்பட்டம்" என்று என் காதைத் திருகியிருப்பாய். (கண் தெரியாவிட்டாலும் என் காது எங்கே இருக்கிறது என்பது உனக்குச் சரியாகத் தெரியும்.) நீ போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் உன்னைப் பற்றி அழுதுகொண்டே பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நீ சிரிக்க வைக்கிற ஆள். அதனால் நான் செய்த கூத்தை நானே எழுதிவிடுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். எனக்குத் தெரிந்த வேலை பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுவது. அது தவிர நன்றாகத் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த இன்னொரு வேலை, வெள்ளைத் துணி வெளுப்பது. அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

செல்லக்கனி என் உடன்பிறந்த அக்கா. என்னை விட நாலு வயது மூத்தவள். மூன்று வயதில் தட்டம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டன. எங்கள் சிவகாசி திருத்தங்கல் பக்கம் கண் தெரியாத பெண்ணைப் பார்த்தால் "எந்தக் கம்பெனி விபத்தும்மா?" என்றுதான் கேட்பார்கள். "கம்பெனி இல்லீக, அம்மை" என்று அக்கா சலிக்காமல் சொல்வாள். கேட்டவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். (இதை அக்காவிடம் சொன்னபோது, "அடுத்த தடவை ஏதாவது ஒரு கம்பெனி பேரைச் சொல்லிருவோம், பாவம்" என்றாள்.)

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பரமசிவம் சார் ஜூடோ சொல்லிக்கொடுத்தார். அக்கா ஆறு வருஷம் பஸ் ஏறிப் போனாள். பார்வை உள்ளவர்கள் ஆடுகிற அதே ஜூடோதான். ஒரே ஒரு வித்தியாசம், ஆட்டம் ஆரம்பிக்கும்போதே இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கப்புறம் அந்தத் துணி இழுபடுவதை வைத்துத்தான் எல்லாமே. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறாள், எந்தக் காலில் நிற்கிறாள், பயந்திருக்கிறாளா என்பதைக்கூட அக்கா துணியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

துருக்கியில் பல நாட்டுக்காரர்களும் வந்து ஆடுகிற போட்டிக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஒரு பெண் துணை வேண்டும். வருவதாக இருந்த டீச்சருக்குக் கால் முறிந்துவிட்டது. "என் தங்கச்சி பேச்சியம்மா வரட்டும் சார். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மத்தபடி குறை இல்ல" என்று அக்கா சொல்லிவிட்டாள். எங்கள் தெருவில் அதுவரை மெட்ராசுக்குப் போனவர்களே ஏழெட்டுப் பேர்தான். நான் ஏரோப்ளேன் ஏறினேன்.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஜூடோவில் ஒருத்தர் வெள்ளை, ஒருத்தர் நீலம். யாருக்கு எது என்று போட்டி நடத்துகிறவர்களே எழுதிப் போட்டுவிடுவார்கள். "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது, அப்புறம் கலர் யாருக்கு சார்?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். "நடுவருக்கும்மா. அவருக்குத்தான் பாவம் கண்ணு தெரியும்" என்றார் சார். அக்காவுக்கு முதல் ஆட்டத்துக்கு வெள்ளை விழுந்திருந்தது. அவளிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான்.

அந்த ஒரே வெள்ளைச் சட்டைக்குள்தான் அம்மா கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலைச் சுற்றி வைத்திருந்தேன். உடையாமல் இருக்கட்டும் என்று. பாட்டில் உடையவில்லை. மூடிதான் திறந்துகொண்டது.

அறையில் பையைத் திறந்தவுடன் புளியும் பெருங்காயமும் மணத்தன. "ஏடி, இப்பவே சாப்பாடா?" என்றாள் அக்கா. "இல்லக்கா, பாட்டில் மூடி லேசா லீக் ஆகியிருக்கு" என்றேன். லேசாகத்தான். நெஞ்சிலிருந்து வலது கை வரை.

எங்கள் ஊராக இருந்தால் சோப்பு போட்டு வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் கறை தன்னால் ஓடிவிடும். அங்கே சூரியன் லீவில் இருந்தது. வெளியே தூறல். அவசரத்தில் ஓட்டல் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவந்துபோகும் என்று துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தேய்த்து முடித்த பிறகு ஞாபகம் வந்தது.

அப்போதாவது சாரிடம் ஓடியிருக்கலாம். எனக்குத்தான் வெளுக்கத் தெரியுமே. பையில் சொட்டு நீலம் இருந்தது. (வெளிநாட்டுக்கு யாராவது சொட்டு நீலம் கொண்டுபோவார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் நீலம் போடாத வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு போனால் தலை வாராமல் போன மாதிரி.) அறையில் வாளி இல்லை, குளிக்கிற தொட்டிதான் இருந்தது. வீட்டில் ஒரு வாளிக்கு நாலு சொட்டு. இந்தத் தொட்டி எப்படியும் இருபது வாளி பிடிக்கும். நாலு இருபது எண்பது. எண்ணி எண்பது சொட்டு விட்டேன். கணக்கு சரிதான். தொட்டியில் நான் பிடித்திருந்த தண்ணீர்தான் இரண்டு வாளி.

சட்டையை முக்கி எடுத்தேன். தீபாவளிப் பூச்சட்டி எரிகிறபோது ஒன்றன் பின் ஒன்றாக நிறம் மாறுமே, அந்த நிறமெல்லாம் ஒரே நேரத்தில் இருந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி அலசினேன். அலச அலச நீலம் இன்னும் நன்றாகப் பரவியது. அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று.

பிழிந்து உதறி ஹீட்டர் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

"போயிருச்சாடி கறை?"

"போயிருச்சுக்கா."

"வெள்ளையா இருக்கா?"

"பால் மாதிரி இருக்குக்கா."

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. சட்டையைக் கெடுத்தது கைத்தவறு என்று விட்டுவிடலாம். இது அப்படி இல்லை. அவளால் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன். காலையில் ஏதாவது அதிசயம் நடந்து சட்டை வெளுத்துவிடும் என்று வேண்டிக்கொண்டே படுத்தேன்.

காலையில் சட்டை காய்ந்திருந்தது. நிறமும் நன்றாகப் பிடித்திருந்தது. சார் கண்ணில் படாமல் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

ஆடுகிற கூடத்துக்குள் போகும் முன் ஒரு மேஜையில் சட்டையை அளந்து பார்ப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் சட்டையை விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். பரமசிவம் சார் எட்டிப் பார்த்தார்.

"பேச்சி, என்னம்மா இது?"

அந்த அம்மாள் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். சார் முகம் செத்துவிட்டது. "இருபது நிமிஷம்தான். அதுக்குள்ள வெள்ளைச் சட்டையோட வரலைன்னா ஆடாமலே தோத்ததா எழுதிருவாங்களாம்."

அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது. ஆறு வருஷம் பஸ் ஏறிய கை அது.

"பேச்சி, உள்ளதைச் சொல்லு. எப்படி இருக்கு?"

"முதுகு நீலம்க்கா."

"ம்."

"நெஞ்சுப் பக்கம் ரோஸ். வலது கை மஞ்சள்."

"அப்ப வெள்ளை எங்கனடி இருக்கு?"

"உள்பக்கம் தையல்ல கொஞ்சம் இருக்குக்கா."

அக்கா சிரித்தாள் பாருங்கள், அந்த மேஜைக்கார அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்தான் அழுதேன்.

"அதானே பாத்தேன். ஏழு தடவை தண்ணி மாத்துன. பால் மாதிரி இருக்கிற துணிக்கு எவடி ஏழு தடவை தண்ணி மாத்துவா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்." சிரிப்பு நின்றுவிட்டது. "சார், யார்ட்டயாவது கேட்டுப் பாருங்க. காலு பிடிக்கணும்னாலும் பிடிங்க."

சார் ஓடினார். ஒவ்வொரு நாட்டுக்காரர்களிடமும் போய்ச் சட்டையைத் தொட்டுக் காட்டி, அக்காவைக் காட்டி, கும்பிட்டார். ஐந்தாவதாகப் போன இடத்தில் மங்கோலியாப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆட்டம் மதியம்தான். அவளுக்கும் கண் தெரியாது. கூட இருந்தவர் விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே பனியனுக்கு மேல் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி நீட்டினாள். இடையில் "சிவகாசி" என்ற சொல்லைச் சார் ஏன் சொன்னார் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பெண் எண்பது கிலோ இருப்பாள். அக்கா ஐம்பத்திரண்டு. சட்டையைப் போட்டதும் அதற்குள் இன்னொரு அக்காவுக்கு இடம் இருந்தது. மேஜைக்கார அம்மாள் அளந்தார், உதட்டைப் பிதுக்கினார், சரி என்று தலையை ஆட்டிவிட்டார். மூன்று நிமிஷம் பாக்கி.

ஜூடோவில் சட்டை தொளதொளவென்று இருந்தால் எதிராளிக்குத்தான் கொண்டாட்டம், கை நிறையப் பிடிக்கலாம். எதிராளி ஜெர்மன்காரப் பெண். பிடித்தாள், ஒரே இழு இழுத்தாள். சட்டை அவள் பக்கம் போனது. அக்கா போகவில்லை. உள்ளே அப்படியே நின்றாள். அந்தப் பெண் முகத்தில் ஒரு குழப்பம். மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் துணிதான் வந்தது.

கண் தெரியாதவர்கள் ஆடும்போது கூட்டம் சத்தம் போடக் கூடாது. நடுவர் குரல் ஆடுகிறவர்களுக்குக் கேட்க வேண்டும். இதை எனக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். அந்த அமைதியில் நான், "காலைத் தட்டுக்கா" என்று கத்தினேன். எங்கள் தெருவில் கத்துகிற சத்தம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. சார் என் பக்கத்திலிருந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுபடியும் பிடித்தார்கள். மூன்றாவது இழுப்பில் அந்தப் பெண் முன்காலில் பாரம் போட்டாள் போல. அக்கா தட்டினாள். ஜெர்மன்காரி முதுகு முழுக்கப் பாயில் விழுந்தாள். அதுவே முழு வெற்றி, ஆட்டம் முடிந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு நீலம். அளவெடுத்துத் தைத்த மாதிரி நீலச் சட்டை. இருபது எண்ணுவதற்குள் அக்கா தோற்றாள். அதோடு சரி. பதக்கம் கிடையாது.

திரும்பி வருகிற வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா என் காதைத் தேடிப் பிடித்தாள். ஆனால் திருகவில்லை.

"சட்டை போனாப் போகுது. தோத்தா தோத்துட்டுப் போறேன். நீ பாத்ததை மட்டும் எனக்குச் சொல்லு. நல்லதா கெட்டதான்னு நான் பாத்துக்கிறேன். என்ன?"

"சரிக்கா."

வீட்டில் இது பெரிய கதையாகிவிட்டது. குழம்பு எப்படி என்று அம்மா கேட்டால் என் தம்பி "பால் மாதிரி இருக்கும்மா" என்பான். உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்தபோது, "பிள்ளைக்கு என்னென்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்கள். அக்கா முந்திக்கொண்டு, "துணியை மட்டும் குடுத்துராதீக" என்றாள்.

போன தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வந்தவர்கள் எல்லாரும் "தெளிவா இருக்கியேம்மா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லிப் போனார்கள். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பேச்சி, நான் எப்படி இருக்கேன்?"

போர்வையை இழுத்துவிட்டேன். அக்கா காத்திருந்தாள்.

"மஞ்சளா இருக்கக்கா."

"எம்புட்டு?"

"கண்ணு, நகம், உள்ளங்கை எல்லாம்."

"ம்." கொஞ்ச நேரம் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அடுத்த மாசம் பயிற்சிக்கு வர மாட்டேன்னு சார்ட்ட சொல்லிரு. அம்மாட்ட நானே சொல்லிக்கிறேன்." பிறகு, "நீ சொன்னது நல்லதாப் போச்சுடி" என்றாள்.

அவள் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஐந்து நாளில் போய்விட்டாள்.

இதைப் படிக்கிற எல்லாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கும்பிடுகிறது எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, விளக்குப் போடும்போதோ, கோயில் முன்னால் பஸ்ஸில் போகும்போதோ, செல்லக்கனி என்று ஒரு தடவை பேர் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். அவள் இருக்கிற இடத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்க வேண்டும்.