திருவிழாவுக்குப் போட்ட கோட்டு

வீட்டு வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ‘கொஞ்சம்’, ‘பதமா’ என்ற இரண்டே வார்த்தைகளை வைத்துக்கொண்டு பெண்கள் ஒரு குடும்பத்தையே நடத்திவிடுகிறார்கள். என்னால் ஒரு கோட்டைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

கல்யாணமான புதிது. என் மனைவி ஸ்டெல்லா பிரசவத்துக்காக ராயபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். நான் கொருக்குப்பேட்டையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு ரயில்வே கூட்ஸ் யார்டுக்குப் போய்வந்தேன். பெண் பிறந்து மூன்று மாதமாகியும் மாமியார் அனுப்புகிற வழியாக இல்லை. எனக்கோ குழந்தை முகத்தைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை.

“மொதல்ல நீங்க ஒயுங்கா துணி போட்டுகினு வாங்க மாப்ளே. அப்பால புள்ளய அனுப்பறத பாக்கலாம்” என்றார் மாமியார். (என் சட்டை அன்று கொஞ்சம் கலீஜாகத்தான் இருந்தது.)

அடுத்த ஞாயிறு மாதா கோயில் திருவிழா. என் கல்யாணத்து வெள்ளைப் பருத்திக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு அசத்திவிடுவது என்று முடிவுசெய்து ஸ்டெல்லாவிடம் வழி கேட்டேன்.

“இன்னா பெரிய வேல? வடிச்ச கஞ்சில ஒரு முக்கு முக்கி, பிழிஞ்சி காயப்போடுங்க.”

“கஞ்சி எப்படி இருக்கணும்?”

“பதமா இருக்கணும்.”

“பதம்னா?”

“அட, கை வச்சா தெரியும், போங்க!”

கையை வைத்தேன். கை ஒன்றும் சொல்லவில்லை. நாக்கில் வைத்தேன், சப்பென்று இருந்தது. வழக்கமாக நான் குடிப்பதுபோல இரண்டு கை உப்பு அள்ளிப்போட்டு, பாதியை நான் குடித்து, மீதியைக் கோட்டுக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை கோட்டு தகரம்போல நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாலம் தாண்டும்போது பின்னால் ஓர் ஆடு வந்தது. ‘ச்சூ’ என்றேன். அது என் முதுகை நக்கியது. ராயபுரம் போவதற்குள் நாலு ஆடுகள். ஓடினேன், அவையும் ஓடின. கோயில் வாசலில், பங்குச் சாமியார் முன்னால், மாமியார் முன்னால், முதல் ஆடு என் கோட்டின் பின்பக்கத்தைக் கவ்வி இழுத்துக் கிழித்து நிதானமாக மென்றது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். என் பெண்டாட்டி பிள்ளை இந்த ஜென்மத்தில் வீடு வரப்போவதில்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெல்லா என் கோட்டுக் கையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

“உப்பா? கஞ்சிக்கு உப்பா போட்டீங்க?”

“போடாதேன்னு நீ சொல்லவே இல்லியே!”

அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள்.

“எம்மா, நான் இன்னிக்கே வூட்டுக்குப் போறேன். இன்னும் ஒரு மாசம் வுட்டா இந்த மனுசன் தன்னையே கருவாடு போட்டுக்குவாரு.”

அன்று சாயங்காலமே மூன்று பேரும் குதிரைவண்டியில் வீடு திரும்பினோம். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள், நான் சலவைச் சட்டை போட்டால் போதும், வாசலுக்கு ஓடி, “நைனா, ஆடு இல்ல, வரலாம்!” என்று கத்துவாள்.

இப்போது அவளே பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் மருமகன் வந்து, எப்போது அனுப்புவீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். “இன்னும் மூணு மாசம் போவட்டும் மாப்ளே” என்றாள் ஸ்டெல்லா, அப்படியே அவள் அம்மா மாதிரி. பாவம், பையன் முகம் செத்துவிட்டது. வழியனுப்புகிற சாக்கில் தெருமுனை வரை கூடப்போய், அவர் பையில் ஒரு பொட்டலம் உப்பு வைத்து அனுப்பினேன்.