ஆத்தா மலாயில் பாடிய காலை

என் மேல் ஒரே ஒரு முறை சாமி வந்திருக்கிறது. அது மலாய் ராக் பாட்டுப் பாடியது.

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாளே, பள்ளிப் பேருந்தில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகன் செல்வம் காலில் போட்டிருந்த புது வெள்ளைச் சப்பாத்து மேல் வாந்தி எடுத்தேன். அன்றே செல்வம் சட்டம் போட்டுவிட்டான்.

"இந்த வாந்தி பக்கத்துல எவனும் உக்காரக்கூடாது!"

பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கினார்களே தவிர, என் பக்கத்துச் சீட்டைத் தொடவில்லை. (அவ்வளவு விசாலமாக மந்திரிகூடப் பயணம் செய்திருக்க மாட்டார்.) வீட்டில் அம்மா, "ஸ்கூலு எப்படிடா?" என்பார். "நல்லாருக்குமா" என்பேன்.

அப்போதுதான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கேசட்டில் அந்தப் பாட்டு கிடைத்தது. எல்லாரும் ஒதுக்கிவைத்த ஒரு பையனைப் பற்றி நீளமுடிக்காரன் ஒருவன் தொண்டை கிழியப் பாடினான். என் கதையை இவனுக்கு யார் சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. காலையில், மைக்செட் போடும் ராஜு அண்ணன், "பாத்துக்கடா, தே தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போய்விட்டார். மைக்செட் வைத்திருந்த தகரக் கொட்டகையில் பெரிய ஹெட்போன் ஒன்று கிடந்தது. கூட்டாளி வீட்டு வாக்மேனில் ஹெட்போனைச் செருகினால் சத்தம் காதுக்கு மட்டும்தானே வரும்? மைக்செட்டும் அப்படித்தான் என்று முடிவு செய்தேன். (அறிவாளி.) ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் கேசட்டைப் போட்டேன். கையில் எடுப்பாக இருக்கட்டும் என்று மைக்கையும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடி, தலையைச் சுழற்றி, அழுதுகொண்டே பாடினேன்.

தென்னை மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் அனைத்தும் என்னோடு சேர்ந்து அழுதன.

கண்ணைத் திறந்தபோது கொட்டகை வாசலில் பாதித் தோட்டம் நின்றது. பொங்கல் வைக்க வந்த பெண்கள் கையில் வேப்பிலை.

"ஆத்தா வந்துட்டாடி!"

"ஆத்தா ஏங்க்கா மலாய்ல பாடுறா?"

"இத்தன வருசமா இந்த ஊருல இருக்கா, கத்துக்கிட மாட்டாளா லா?"

பூசாரி என் தலையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். "வந்திருக்கிறது யாரு தாயே? என்ன கொற? சொல்லு!"

நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புளிப்பு கண்ணுக்குள் இறங்கியது. அத்தனை நாள் அடக்கிவைத்தது மொத்தமாக வந்துவிட்டது.

"பஸ்ஸுல என் பக்கத்துல யாருமே உக்கார மாட்றாங்க!"

மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

பூசாரி குழம்பிப்போய், "ஆத்தா எப்ப பஸ்ஸுல போனா?" என்று முணுமுணுத்தார். செல்வத்தின் அம்மாவுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை; அந்த வாந்திச் சப்பாத்தைக் கழுவியவரே அவர்தான். மகன் காதைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"பெரிய தொர இவரு! ஆத்தா பக்கத்துல உக்கார மாட்டியோ?"

என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல வந்து என் விரல்களைப் பிரித்து மைக்கை வாங்கினார். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார். அது மட்டும் குழாயில் போகவில்லை.

பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாள், செல்வம் நெற்றி நிறைய விபூதியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இறங்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்தக் கேசட்ட ஒரு நாளைக்குத் தருவியா?"

பின்னாளில் என் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொண்டவன் அவன்தான். அந்த நீளமுடிக்காரனுக்கும், ராஜு அண்ணனின் தேத்தண்ணீருக்கும், செல்வத்தின் அம்மாவின் கைப்பிடிக்கும் நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், என் மனைவி எலுமிச்சம்பழத்தோடு எதிரே வந்து நிற்பார். "வந்திருக்கிறது யாரு? என்ன கொற?" கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும்.

போன மாதம் அந்தப் பழம் எங்கள் மகள் முன்னால் நின்றது. தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. இடைநிலைப்பள்ளியில் இப்போதுதான் இரண்டாம் படிவம். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். வகுப்புப் பிள்ளைகள் அவளை மட்டும் விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் தனிக் குழு வைத்திருக்கிறார்களாம். அதில் அவளைப் பற்றித்தான் பேச்சாம்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதா, போலீசுக்கு ஓடுவதா என்று தெரியாமல், கார் சாவியை எடுத்துக்கொண்டு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மாவிடமிருந்து பழத்தை வாங்கி என் தலைக்கு நேரே பிடித்தாள்.

"ஆத்தா, நாளைக்கு ரெண்டு பேருமே போயி டீச்சரப் பாப்போம். இப்ப கொஞ்சம் உக்காருங்க லா."

உட்கார்ந்தேன்.