டச்சு மாடும் என் எம்.ஏ. ஆங்கிலமும்

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவனுக்கு ஆங்கிலம் பேச வரும் என்று நம்பக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: படித்தவன் ஒருவன், அவனுக்குப் பெண் கொடுத்த மாமனார் இன்னொருவர். எழுபதுகளின் கடைசியில், அந்த இருவரும் திருவாதவூரில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

மாமனார் விவசாயி. அவருடைய அப்பா பருத்தி வியாபாரத்துக்காகத் தூத்துக்குடி போய்வந்த காலத்தில் கிடைத்த பீங்கான் மாடு ஒன்று வீட்டு அலமாரியில் இருந்தது. வெள்ளை உடம்பு, நீலப் பூக்கள், நுனி உடைந்த ஒரு கொம்பு. டச்சுக்காரன் காலத்துச் சாமான், நல்ல விலை போகும் என்று யாரோ சொல்ல, அதை விற்றுக் கிணற்றுக்குப் பம்புசெட் போட முடிவு செய்தார். மதுரையில் அவருக்குப் பழக்கமான லாட்ஜ் மானேஜர், கோயில் பார்க்க வந்த ஹாலந்து தம்பதியைக் காரில் அனுப்பி வைத்தார்.

"பேச்சுவார்த்தை பூராவும் மாப்ள பாத்துக்குருவாரு," என்றார் மாமனார்.

மாப்ளயும் டை கட்டிக்கொண்டு (சித்திரை வெயிலில்! திருவாதவூரில்!) தயாரானான். கான்வென்ட்டில் படித்து பி.யூ.சி. முடித்த என் மனைவி தமயந்தி, "நானும் கூட இருக்கட்டுமா?" என்றாள். எம்.ஏ. பேசுகிற இடத்தில் பி.யூ.சி.க்கு என்ன வேலை? முறைத்தேன். கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெள்ளைக்காரர் மாட்டைக் கையில் எடுத்துத் தடவிவிட்டுப் பேச ஆரம்பித்தார். நான் பாராமல் ஒப்பிக்கும் எந்த ஆங்கிலமும் அதில் இல்லை. வெந்நீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிப்பது போல் இருந்தது. புரியவில்லை என்று சொல்லலாமா? மாமனார் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்! முதல் கேள்விக்கு "நோ, நோ" என்றேன். (எடுத்த எடுப்பிலேயே தலையாட்டினால் மதிப்பு இருக்காதாம். அப்போது என் ராஜதந்திரம் அது.) அடுத்த கேள்விக்கு "எஸ், எஸ்! வித் ப்ளெஷர்!" என்றேன். கதவுக்குப் பின்னால் வளையல்கள் பலமாகக் குலுங்கின. மறுபடியும் முறைத்தேன்.

அந்த அம்மாள் கண் கலங்கி, மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் காருக்கு நடந்தார்கள்.

"எம்புட்டுக்கு முடிச்சீக மாப்ள?"

"அது... பேங்க் மூலமா அனுப்புவாங்க மாமா."

தமயந்தி வெளியே வந்தாள். "அப்பா, அவரு இதை விக்கிறீகளான்னு கேட்டாரு. இவரு இல்லைன்னாரு. அப்ப சும்மாவே தாரீகளான்னு கேட்டாரு. சந்தோசமாக் கொண்டு போங்கன்னுட்டாரு."

கார் இன்னும் கிளம்பவில்லை. ஓடிப்போய் மறிக்க எழுந்தேன். மாமனார் என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"உக்காருங்க. காலைத் தொட்டுக் கும்புட்டுப் போறவககிட்டப் போயி, குடுத்ததத் திருப்பித் தாங்கன்னு கேக்கவா? அம்புட்டுக் கேவலம் வேணாம். கோதானம் பண்ணதா நெனச்சுக்கிறேன்." பிறகு என் டையைப் பார்த்தார். "மொதல்ல அந்தக் கயித்த அவுருங்க."

அந்த வருஷம் பம்புசெட் வரவில்லை. எனக்குப் பட்டம் மட்டும் வந்தது: 'கோதானம் எம்.ஏ.' மச்சினன்மார் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். திருவாதவூர் வீட்டு வாசலுக்கு நிஜ மாடு வாங்க ஒரு தரகர் வந்துவிட்டால் போதும், குடும்பமே சேர்ந்து என்னை உள் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுகிறது. தரகருக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"அதனால என்ன? உங்களுக்கும்தான் தெரியாது," என்கிறாள் தமயந்தி.